பொதுவில் சொன்ன ஸலாம்

...அதில் என்ன குப்பை இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை, ஒருத்தன் ஸலாம் சொன்னால் வாயை மூடிக்கொண்டு போக நானென்ன ஆடா மாடா, வாப்பா எனக்கு வேறு எதைச் சொல்லித் தராவிட்டாலும் இதைச் சொல்லித் தந்திருக்கிறார், ஆனால் துபாயில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் இணையக் குழுமத்தை நடத்துகிற ஹாஜா முகைதீன், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி காக்கா போட்டு எழுதுகிறான், "காக்கா, தப்பா நெனைக்காதீங்க, ஒவ்வொருத்தர் மடலுக்கும் நீங்க வெறும் வ அலைக்குமுஸ்ஸலாம் மட்டும் போடுறது எல்லாரு பெட்டியிலயும் குப்பையா நெறையுது, புகார் வருது" என்று. புகார் சொன்னவன் யார் என்று கேட்டால் சொல்லமாட்டான். பெயர் சொல்லாதவன் பேச்சை நான் நம்புவதில்லை. அந்தக் குழுமத்தில் பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது, ஒருத்தன் கடற்காற்று, ஒருத்தன் ஊர்க்குருவி, எவன் எவன் மகன் என்று யார் கண்டது, அப்படியும் நான் பதில் சொன்னேனே, குருவி சொன்னாலும் ஸலாம் ஸலாம்தானே...

ஆனாலும் இந்த இடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதை மறைப்பானேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் மலிகாவின் பிரவுசிங் சென்டரில் ஓரத்துத் தடுப்பு எனக்கென்று காலியாக இருக்கும், தலைக்கு மேல் ஃபேன், எதிர்க்கடை இஞ்சி டீ, வெளியே திருப்புல்லாணி பஸ்ஸின் ஹாரன்... வீட்டில் கிடைக்காத நிம்மதி. கீபோர்டில் மலிகா தமிழ் எழுத்து ஒட்டி வைத்திருக்கிறாள், என் அஞ்சாங்கிளாஸுக்கு அது போதும், ஒற்றை விரலால் தட்டுவேன். பாஸ்வேர்டு போடும்போது துண்டால் கையை மூடிக்கொள்வேன், அவள் சிரிப்பாள், "உள்ள என்ன காக்கா, முத்தா வச்சிருக்கீங்க?" முத்தோ சிப்பியோ, அவளுக்கு எதற்கு.

தம்பி காதர் மைதீனும் அந்தக் குழுமத்தில் இருக்கிறான், ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறான், கூடப்பிறந்தவன். மகள் நிக்காஹ்வுக்கு என் வீட்டுப் படியேறி வந்து கூப்பிடாமல் கார் டிரைவரிடம் பத்திரிகை கொடுத்தனுப்பினான், நான் போகவில்லை, போகாதது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் சரிதான் என்பேன். அதிலிருந்து பேச்சில்லை. லீவில் வந்தால் பள்ளிவாசலில் அவன் முன்வரிசை, நான் பின்வரிசை, தெருவில் எதிரே கண்டால் அவனுக்கு உடனே மருந்துக்கடையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஆனால் குழுமத்தில் எழுதும்போது எல்லாரையும் போல அவனும் அஸ்ஸலாமு அலைக்கும் என்றுதான் ஆரம்பிக்கிறான், பிறகு சாக்கடை, மீன் விலை, என்னத்தையோ... அது ஊருக்குச் சொன்ன ஸலாம், ஊரில் நானும் இருக்கிறேன், பதில் சொல்வது கடமை, கடமையைச் செய்வதில் எனக்கொன்றும் கௌரவக் குறைச்சலில்லை. அவனும் வேண்டாம் என்று எழுதவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தது, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஹாஜா வந்து கெடுத்தான். கடைசியில் ஒரு வரி வேறு, "பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்டயும் கேட்டேன் காக்கா, சபைக்குச் சொன்ன ஸலாமுக்கு ஒருத்தர் பதில் சொல்லிட்டா எல்லார் மேல உள்ள கடமையும் எறங்கிரும்" என்று. ஏன், நானும் கேள்விப்பட்டதுதான், காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். மார்க்கத்தை எனக்கு மடலில் சொல்லித் தருகிறான்... இவன் குழுமம் இல்லாவிட்டால் என் பொழுது போகாதா. "மலிகா, என் பேர அதுலேர்ந்து எடுத்துரும்மா" என்றேன். "ஏன் காக்கா, ஸலாம் கடைய மூடப்போறீங்களா?" "மூடுனா யாருக்கு நட்டம்." அவள் வந்து எதையோ அமுக்கினாள், ஒரு கட்டம் வந்து நின்றது. "நெசமாவே வெலகணுமான்னு கேக்குது." "மெஷினுக்கு எதுக்கு இந்த விசாரணை." "ஒருக்கா வெலகிட்டா இவங்க எழுதுற எதுவும் ஒங்களுக்கு வராது, பாத்துக்கங்க." எதுவும் வராது... சாக்கடை வராது, குருவி வராது, போகட்டும், ஷார்ஜாவிலிருந்தும் வராது. "இரும்மா, இன்னைக்கு வந்ததப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "அப்ப இன்னும் அரை மணி போட்டுர்றேன்" என்று கட்டத்தை மூடிவிட்டுப் போனாள், உதட்டில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது.

கடற்காற்று ஸலாம் சொல்லியிருந்தான், பதில் போடாமல் தாண்டினேன், என்னவோ ஒருத்தரைத் தெருவில் இடித்துவிட்டு நடந்த மாதிரி இருந்தது. அடுத்தவனையும் தாண்டினேன். அதற்கடுத்து காதர் மைதீன், "அஸ்ஸலாமு அலைக்கும், ஊருல மழை பேஞ்சுச்சா" என்று மட்டும், வேறொன்றுமில்லை. கீழேயே ஊர்க்குருவி முந்திக்கொண்டு பதில் ஸலாம் போட்டிருந்தான், தூறல்தான் என்றும் சொல்லியிருந்தான். சரி, கடமை இறங்கிவிட்டது, ஊர் மேலிருந்ததோடு என் மேலிருந்ததும். லேசாக இருக்க வேண்டியதுதானே, ஏன் இந்தக் குருவி மேல் இவ்வளவு கோபம் வருகிறது... இத்தனை பேருக்கும் விடாமல் பதில் போட்டேனே, எல்லாருக்குமாகத்தான் போட்டேனா? தம்பிக்கு மட்டும் போட்டால் வெளியே தெரிந்துவிடும் என்றுதானா? இப்போது நான் எழுதினால் அது பதிலாகாது, பதில் முடிந்துபோயிற்று, எழுதுவதானால் நானாக ஸலாம் சொல்லவேண்டும். பழக்கத்தில் விரல் வ மேல் போய் நிற்கிறது. இந்தக் குழுமத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் வ என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அ என்று ஆரம்பித்ததில்லை, இன்றைக்குத்தான் தெரிகிறது... அ கீபோர்டில் இங்கேதான், வ-வுக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ, அப்படியொன்றும் தூரமில்லை.