மெழுகு மாம்பழத்தில் ஒரு பல் குறைவு

மஞ்சளாறு உறைந்துபோன வருடம், அதைப் பாய்போலச் சுருட்டித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் இதை யாரும் மறுத்ததில்லை. நான் சொன்னதில் உண்மையாக நடந்த ஒன்றைத்தான் எவரும் நம்பவில்லை.

கலாச்சாரப் புரட்சிக் காலம். நாட்டையே ஆண்ட கட்சித் தலைவர் தொழிலாளர்களுக்குக் கொடுத்த மாம்பழத்தை மெழுகில் நகலெடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். எங்கள் நூற்பாலைக்கும் ஒன்று வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வரிசையில் நின்று வணங்கினோம். நிஜ மாம்பழத்தை ஒருவரும் கண்டதில்லை. பெட்டியைத் துடைக்கும் பெருமை எட்டு வயதில் எனக்குக் கிடைத்தது. என் உயிர்த்தோழன் பெய்லின் பழைய பண்ணையார் வீட்டுப் பிள்ளை. பண்ணையார்களை மக்களின் எதிரிகள் என்ற நாட்கள் அவை; அவனுக்கு அந்தப் பெருமை கிடையாது. வாளி தூக்க நான்தான் அழைத்துப்போனேன். அவன் தண்ணீருக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து மாம்பழத்தைக் கடித்தேன்.

மறுநாள் ஆலைக் காவலர் குவோ கேட்டார். "எவன்டா கடிச்சது?"

என் விரல் பெய்லினைக் காட்டியது. விரல் தானாகவே நீண்டது என்று பல வருடம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன்.

குவோ அவன் அப்பாவின் கழுத்தில் 'துரோகி' என்று எழுதிய பலகையை மாட்டி மேடையில் நிறுத்தினார். அந்த வாரமே குடும்பத்தைப் பாலைவனப் பக்கம் அனுப்பினார்கள். அப்பா அங்கேயே இறந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் லான்சோ நகரத்தில் பெய்லினைத் தேடிக் கண்டுபிடித்தேன். கையில் ஒரு கூடை மாம்பழம்.

"நான்தான்டா கடிச்சேன்."

"தெரியும்டா ஓட்டைப்பல்லா. கடிச்ச இடத்துல நடுவுல ஒரு பல்லு இல்ல. எனக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னேனே. பண்ணையார் மவன் சொன்னா எவன் கேப்பான்? நீ சொல்லுவேன்னு நின்னேன்." கூடையை அவன் தொடவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எங்கப்பா நின்ன ஊர்ல போய்ச் சொல்லு. ஒருத்தனாவது நம்பினா வா."

வந்து சொன்னேன். கடையே குலுங்கிச் சிரித்தது.

"அண்ணே, ஆத்தைச் சுருட்டினதைவிட இது பிரமாதம்!"

இரண்டு வருடமாகச் சொல்கிறேன். இரண்டு வருடமாகச் சிரிக்கிறார்கள்.

நேற்று மூலையில் ஒருவர் சிரிக்கவில்லை. குவோ. எண்பதைத் தாண்டிவிட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்.

"அன்னிக்கே தெரியும்யா" என்றார். "ஆனா பலகை எழுதியாச்சு."

கடையில் சிரிப்பு நின்றது.

லான்சோவுக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். குவோவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை மாம்பழம் வாங்கவில்லை.