கிண்ணத்தம்மா சொன்னது

இரண்டாம் முறை அவர் தட்டை நீட்டியபோது, மனைவி கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பசித்தவன் இன்னும் கொஞ்சம் கேட்டால் போடுவார்கள், இல்லாவிட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை அவரை நிதானமாகக் கண்ணால் மேய்ந்துவிட்டு, “இன்னைக்கு நல்லா சாப்பிடுறீங்க” என்றாள்.

“பசிக்குது.”

“நேத்து பாதியில எழுந்துட்டீங்களே.”

“நேத்து பசிக்கல. இதுல என்ன இருக்கு? வயிறுன்னா அப்படித்தான்.”

கேட்டதற்கு மேலாகவே போட்டாள். அடுப்படிக்குத் திரும்பும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. பாதியில் எழுந்தால் ஒரு அர்த்தம், வழித்துத் தின்றால் ஒரு அர்த்தம். ஒரு நாள் மகனுடைய பைக்கில் தூசி படிந்திருந்தது என்று துடைத்தார். அவள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் வெயில் படுகிறதே என்று அதே பைக்கைப் பின்பக்கம் தள்ளி நிறுத்தினார். அன்றைக்கு முழுக்க அவள் படுக்கையை விட்டு எழவில்லை. சொந்த வீட்டில் மனுஷன் நிம்மதியாக ஓர் ஏப்பம்கூட விட முடியாமல் போய்விட்டது.

குறி சொல்லும் கிண்ணத்தம்மா வீட்டுக்கு அவர் போய்வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

மகன் வீட்டைவிட்டுப் போய், மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது. போன் அணைந்தே கிடக்கிறது. காவல் நிலையத்தில், மேஜரான பையன், கோபம் தணிந்தால் வருவான் என்று அனுப்பிவிட்டார்கள். போனதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குடும்பமாகப் போகும் கிறிஸ்தவ சபைக்கு இனி வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னான். வேறொரு வீடாக இருந்தால் அம்மாவும் மகனும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். இவள் அதைக் கண்ணீரோடு சபையில் போய்ச் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் அங்கிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தலைமேல் கைகளைக் குவித்து, அவனுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஏதோ ஒன்றை வெளியே போ, வெளியே போ என்று அதட்டியது. விடிந்து பார்த்தால் அவன் போயிருந்தான். அந்தச் சாயங்காலம் அவர் தேநீர்த் தட்டோடு அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தார். ஆறிவிடுமே என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த கவலை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சபையில் லிஃப்ட் பிரதர் என்பார்கள். எல்லோரையும் மேலே அனுப்புகிறவர் என்று அதில் ஒரு கிண்டலும் உண்டு. அவர் பிழைப்பில் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நடப்பதில்லை. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு அறுந்துபோவதற்கு வெகு முன்னாலேயே ஓர் இழை தெறிக்கும், பிறகு பக்கத்து இழை. பழந்துணியைச் சுற்றி இழுத்தால் நூல் மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பிரேக் கட்டை தேய்ந்தால் சத்தம் மாறும். பெற்ற மகன் மட்டும் ஒரு முனகலும் இல்லாமல் அறுத்துக்கொண்டு போனான். அல்லது முனகியிருப்பான். துணி சுற்றிப் பார்க்க ஆள் இல்லை.

குறி, ஜோசியம், மந்திரம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சபைக்குப் போவதே மனைவிக்காகத்தான். ஆனாலும் பதில் என்ற ஒன்றை யார் வாயிலிருந்தாவது கேட்டால் போதும் என்றாகிவிட்டது. போலீஸ் சொல்லவில்லை. முழங்கால் தேய அவள் ஜெபித்தும் கடவுளும் சொல்லவில்லை. டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு பெண் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, குனிந்து பார்த்து, காணாமல்போனவர்களைப் பற்றிச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் படியேறினார்.

கதவைத் திறந்த பெண் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு. இன்னொன்றில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

“கண் ஆபரேஷன் பண்ணியிருக்குங்க. குனியவே கூடாதுன்னுட்டார் டாக்டர். அடுத்த மாசம் வாங்க.”

அவர் திரும்பியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. படியில் சத்தம் கேட்காததால் ஆள் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

“யாரைக் காணோம்?”

“பையன்.”

“நீங்க எப்ப சாப்டீங்க?”

அவள் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய், தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தின்றார். பித்தளைக் கிண்ணம் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கி வந்ததைக் கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டயர் கடைக்காரர் பார்த்துவிட்டார். அந்தக் கடைக்காரர் அதே சபையில் மூப்பர், பெரியவர்களில் ஒருவர். லிஃப்ட் பிரதர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

“அந்தம்மா ஒண்ணுமே—” என்று அவர் ஆரம்பித்ததும் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“சொல்லாதீங்க! போனது உங்க பாவம். கேட்டா அது என் பாவம்.”

“கண் ஆபரேஷன்! கிண்ணத்தைப் பாக்கவே இல்ல!” என்று அவர் அவள் விரல்களைத் தாண்டிக் கத்தினார்.

கைகள் மெதுவாக இறங்கின. முகம் வெளுத்திருந்தது. “அப்ப கெட்டதுதான். நல்லதா இருந்தா இப்படிக் கதை கட்ட மாட்டீங்க.”

“கதை இல்லடி, நிஜம்!”

“வேணாம். சொல்லாதீங்க.” மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் தட்டை, அவர் தூக்கத்தை, அவர் செருப்பைக் கழற்றிப் போடும் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வேலை பார்க்கும் நெட்டையனிடம் இதைச் சொன்னபோது இருவரும் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து அது ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் குவளை ஆடியது.

“தன் கண்ணு போகப்போறது அந்தம்மாவுக்கே தெரியலயா? கிண்ணத்துல பாத்திருக்கலாமே.”

“சும்மா இருடா.”

“நல்லா இருக்கான்னு சொன்னாங்கன்னு வீட்டுல ஒரு போடு போடு. முடிஞ்சுது.”

“காதைப் பொத்திக்கிறா.”

“எழுதிக் காட்டு.”

“படிச்சாலும் கேட்ட மாதிரிதானாம்.”

“உன் பொண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றான் நெட்டையன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லா வீட்டுக் கண்ணீரையும் கேட்டுக் கேட்டு அலுத்த முகம். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

“இது இன்னைக்கு நேத்து வந்த சட்டம் இல்ல பிரதர். யூத ஜனங்க கடவுள் வாக்குக் கொடுத்த தேசத்துக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. குறி கேக்காதே, நாள் பாக்காதே, மந்திரவாதிகிட்ட போகாதே. அவங்களும் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் படிக்கிறாங்க, நாமளும் அதைத்தான் படிக்கிறோம். குறி சொல்றவங்களையெல்லாம் நாட்டைவிட்டு விரட்டின ராஜாவே வேஷம் மாத்திக்கிட்டு அவங்ககிட்ட போனான். என்னாச்சு? மறுநாள் போர்க்களத்துல விழுந்தான்.”

அந்தக் கதை அவருக்குத் தெரியும். மனைவி காலையில் சத்தமாக வாசிப்பதில் பாதி அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். “அவன் முதல்ல கடவுள்கிட்டதான் கேட்டான் பாஸ்டர். பதில் வரல. அதனாலதான் போனான்.”

“என்னங்க!” என்றாள் மனைவி.

“அன்னைக்குப் பூரா அவன் பட்டினி. அந்தப் பொம்பளைதான் கன்னுக்குட்டி அடிச்சு, ரொட்டி சுட்டு, அவனைச் சாப்பிட வெச்சா. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

பாஸ்டர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். “உங்க வலி எனக்குப் புரியுது பிரதர். ஆனா இப்படியே இருந்தா சபையில உங்க பையன் பேரைச் சொல்லி ஜெபிக்க முடியாது. மூப்பருங்க ஒத்துக்க மாட்டாங்க. சிஸ்டரும் திருவிருந்துல அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நில்லுங்க. அந்தம்மா சொன்னது இது, இது பொய், இதைத் தள்ளிட்டேன்னு சொல்லுங்க.”

“அந்தம்மா ஒண்ணும் சொல்லலயே.”

“பிரதர்.” பாஸ்டர் ஒரு குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார். “யாராவது அங்க போய்ட்டு வெறுங்காதோட வருவாங்களா? இருட்டுல வெச்சிருக்கறதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாத்தான் அது சாகும்.”

மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். “சபையில அவர் சொல்றதைக் கேக்குறது… தப்பில்லயே பாஸ்டர்?”

“அது பாவ அறிக்கை சிஸ்டர். தாராளமா கேக்கலாம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குனிவதற்கு முன்னால் அவள் கண்ணில் தெரிந்ததை அவர் பார்த்துவிட்டார். எல்லாப் பக்கமும் சுவர் எழுப்பிக்கொண்டு தவித்தவள் ஒரு கதவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு காலத்தில் கிடங்காக இருந்த தகரக் கூரை ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் அவர் நின்றார். டயர் கடைக்காரர்தான் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் சட்டையை இஸ்திரி போடும்போதுகூட நினைத்திருந்தார். கண்ணில் கட்டு, கவிழ்ந்த கிண்ணம், ரொட்டி. நம்பினால் நம்பட்டும்.

கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் இடம் அது. நாற்காலியின் நுனிக்கு வந்து, மடியில் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து வைத்திருந்தாள். ஏதோ விழப்போகிறது, பிடிக்க வேண்டும் என்பது போல. ரொட்டிக் கதையைச் சொன்னால் அந்தக் கைகள் வெறுமனே மூடிக்கொள்ளும். நாளைக்கு மறுபடியும் அவர் தட்டைப் பார்க்கும் அந்தக் கண்கள். நாளன்றைக்கும். அவருக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. கடவுள் மேலா, டயர் கடைக்காரர் மேலா, பொல்லாத அந்தப் பையன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத எரிச்சல்.

“போனேன்” என்றார். மைக் கீச்சிட்டது. “அந்தம்மா கிண்ணத்துல பாத்தாங்க. என் பையன் உயிரோட இருக்கான்னு சொன்னாங்க.”

ஹாலில் நாற்காலிகள் முனகுவது நின்றது.

“தண்ணி இருக்கற ஒரு ஊர்ல இருக்கான். வேலைக்குப் போறான். உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோபம் இன்னும் முழுசாப் போகல. ஆனா வருவான்னு சொன்னாங்க.” இத்தனை சுலபமாக வருகிறதே என்று அவருக்கே பயமாக இருந்தது. நிறுத்தினார். “பொய். அவ்வளவும் பொய்.”

போனேன் என்றதற்குப் பிறகு அவர் சொன்னதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மனம் திரும்பிவிட்டார் என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி விசும்பினாள்.

“எல்லாரும் கையை உயர்த்தி, அந்த வார்த்தை பொய்னு சொல்லுங்க!” என்றார் பாஸ்டர்.

“பொய்!” கூட்டம் முழங்கியது. “பொய்! பொய்!” தகரக் கூரை அதிர்ந்தது. கடைசி வரிசையிலும் ஒரு கை உயர்ந்திருந்தது. ஆனால் அவள் உதடுகள், வாயில் தண்ணீரை வைத்திருப்பவளைப் போல இறுக மூடியிருந்தன.

பிறகு மகன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடைத்தன. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அவருக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். மத்தியானம் மகனுடைய தலையணையை வெயிலில் போட்டாள். பரிமாறும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவர் எவ்வளவு தின்றார் என்பது அவருக்கே அன்று நினைவில்லை. அப்பாடா, ஒழிந்தது என்று சுவரில் சாய்ந்தார்.

அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“என்னங்க.”

“ம்.”

“தண்ணி இருக்கற ஊருன்னா… கடலா, ஆறா?”

அவர் நிமிர்ந்தார். “அதான் பொய்னு சொல்லியாச்சே.”

“சொல்லியாச்சு. சும்மாதான் கேக்குறேன்.”

அவள் கைகள் காதுக்குப் போகவில்லை. பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. நகராமல் நின்றாள். அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. டம்ளரைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. குனிந்தார். தண்ணீரில் ஜன்னல் கம்பிகள் வளைந்தும் நெளிந்தும் ஆடிக்கொண்டிருந்தன. அவை அடங்கட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.