மலைக்குப் பின்னால் சூரியன், பாயின் மேல் மாப்பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வடையிலிருந்து கிடைத்தது. அதுவும் ஆறிப்போன வடை, வெங்காயம் போடாதது. யார் வீட்டு வடை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் மனசு மாறிவிட்டால் சொல்ல மாட்டேன்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘1979-ஆம் ஆண்டு, அண்ணாமலையின் மேல் செவ்வானம் படர்ந்த ஒரு மாலைப்பொழுதில், நேமிநாதன் தன் நீண்ட—’

நேமிநாதனிடம் நீண்டது எதுவும் கிடையாது, மூக்கைத் தவிர. அடித்துவிட்டேன்.

2

நேமிநாதன் கீழ்பென்னாத்தூரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். வயது இருபத்தெட்டு. உட்கார்ந்திருக்கும்போது அவனைப் போல் கம்பீரமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. எழுந்தால் பாதி கம்பீரம் பாயிலேயே தங்கிவிடும். இடுப்புக்கு மேலே எல்லாம் அளவாகத்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் எலும்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவன் அப்பா அப்பாசாமிக்கும் அப்படியே. அவருடைய அப்பாவுக்கும் அப்படியே.

(சாபம் கீபம் ஒன்றும் இல்லை. வேலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது வம்சத்துல வர்றது. பொறக்கற கொழந்தைக்கு வரலாம், வராமயும் போகலாம். பாதிக்குப் பாதி.” அப்பாசாமி, “வாரத்துக்கு விட்ட நெலத்துலயும் பாதி, இதுலயும் பாதியா?” என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.)

அதுவரை பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும், நேமிநாதன் எழுந்து நின்ற மறு நிமிஷமே ஜாதகம் பொருந்தாமல் போய்விட்டது.

3

நான்காவது பெண் குணமதி. பார்க்கிற இடம் அண்ணாமலை அடிவாரத்துப் பே கோபுரத் தெருவில், இரண்டு வீட்டாருக்கும் உறவான ஒருவர் வீடு. அப்பாசாமி திட்டம் போட்டார்: பெண் வீட்டார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

“நாற்காலி போட்டாங்கன்னா?”

“விரதம்னு சொல்லிடு. நாற்காலியில உக்காந்தா காலு தொங்கும்டா, காட்டிக் குடுத்துடும்.”

“கல்யாணத்தன்னிக்கு என்ன பண்றது?”

“அன்னிக்கும் உக்காந்துதான தாலி கட்டுவ?”

“அப்புறம் எழுந்து சுத்தி வரணுமே.”

“அதுக்குள்ள முடிச்சுப் போட்டாச்சேடா!”

நேமிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் போய் உட்கார்ந்தான். பெண் வீட்டார் வந்து எதிரே அமர்ந்தார்கள். உள்ளேயிருந்து குணமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல், “எங்க வீட்டு ரேடியோ ஒரே கரகரங்குது, பாப்பீங்களா?” என்று கேட்டாள். நேமிநாதன் அங்கேயே காலி. இவளை விட்டால் தனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றியது. கூடவே, இவளிடமா இந்தத் திருட்டுத்தனம் என்றும் பட்டது.

4

அப்பாசாமி ஒன்றை மறந்துவிட்டார். சமணர் வீடு, பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது; வெளிச்சம் இருக்கும்போதே இலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இலை போட்டது பின்கட்டில். இலைக்குப் போக எழுந்திருக்க வேண்டும்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அவருக்கு உயிர் வந்தது. “பொழுது போயிடுச்சுங்க. இனிமே சாப்பிடக் கூடாது.”

குணமதியின் அப்பா தன்யகுமார் லேசில் விடுகிற ஆள் இல்லை. “மலை மறைச்சிருக்குதுங்க, அவ்ளோதான். உங்க ஊர்ல இன்னும் வெயிலடிக்கும். எழுந்துருங்க.”

“கண்ணுக்குத் தெரியாத சூரியன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“அப்ப மழைக்காலம் பூரா பட்டினி கெடப்பீங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் எழாமல் தான் எழுவது மரியாதை இல்லை என்று தன்யகுமாரும் எழவில்லை. பின்கட்டில் வடை ஆறிக்கொண்டிருந்தது.

5

இந்த இடத்தில் கதை பாயைப் போட்டுப் படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்த விதங்கள்:

நேமிநாதன் எழுகிறான், குணமதி மயங்கி விழுகிறாள். (சினிமா. வேண்டாம்.)

பெண் வீட்டாருக்கும் அதே கால். ஒருவரும் எழாமல் இன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். (எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரரை நினைத்து விட்டுவிட்டேன்.)

வேலூர் டாக்டர் உள்ளே வந்து எலும்பைப் பற்றி— (எனக்கே கொட்டாவி வந்தது.)

6

எனவே நடந்ததையே எழுதுகிறேன். குணமதி கதவோரம் வந்து நின்றாள்.

“எழுந்துருங்க, வடை ஆறுது.”

“இல்லீங்க… நான் எழுந்தா…” என்று நேமிநாதன் இழுத்தான்.

“தெரியும். நீங்க ஒரு மணி நேரம் முன்னாடி வந்தீங்க. நான் தலை பின்னிக்க அதுக்கும் முன்னாடியே வந்துட்டேன். நீங்க நடந்து வந்தத ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் ரேடியோவப் பத்திக் கேட்டேன்.”

(அந்தக் காலத்தில் பெண் இப்படிப் பேசுமா என்று கேட்காதீர்கள். பேசியது.)

இனி ஒளித்து வைக்க நேமிநாதனுக்கு மனமில்லை. “பொறக்கற புள்ளைக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாருங்க. பாதிக்குப் பாதி. அதுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“அத ஏன் நீங்களும் நானும் பேசணும்? அது பொறந்து வந்து சொல்லட்டும்.”

தன்யகுமார் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். நேமிநாதன் இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி—

7

எழுந்தானா, தன்யகுமார் சம்மதித்தாரா, அன்றைக்கு யாராவது சாப்பிட்டார்களா என்பதையெல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நேரம் இல்லை. பொழுது போய்விட்டது என்கிறேன் நான். மலைதான் மறைத்திருக்கிறது என்று அம்மா பின்கட்டிலிருந்து சத்தம் போடுகிறாள். வடை ஆறுகிறது என்று அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டார். தரைக்கு எட்டாத காலோடு இந்த நாற்காலியிலிருந்து நான் குதித்துத்தான் இறங்க வேண்டும்.