டாக்டருக்கு வரும் டி

விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டதும் ரங்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. லிங்கராஜபுரத்தில் என் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் கன்னடக்காரர் அவர். கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய சர்ச் பாட்டுப் புத்தகம், அவருடைய ஆறு மாத உழைப்பு, சாகக் கிடக்கும் அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. ஃப்ளாப்பியில் அடங்காது.

மாடியில் குடியிருக்கும் தாரணியைக் கூப்பிட்டேன். சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண், திண்டுக்கல்காரி. எங்கள் விண்டோஸும் மேக்கும் ஒன்றோடொன்று பேசாது என்பதற்காக, மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். மேக் அதில் சேர்ந்துவிட்டது. விண்டோஸும் சேர, அதில் தன் பெயரைப் பதியும்படி ரங்காவிடம் சொல்லியிருந்தாள்; ரங்காவும் காலையில் பதிந்திருந்தார்.

இப்போது பாஸ்வேர்டு போட்டால் தப்பு என்றது. மறுபடி போட்டாலும் தப்பு என்றது. எனக்குப் பொறுமை ஏது? கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், கண்டபடி திட்டினேன். தாரணி என்னைக் கண்டுகொள்ளாமல் லினக்ஸ் முன்னால் உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள் என்று அது எழுதிவைத்ததைப் படித்தாள்.

"அங்கிள், யாரோ கதவைத் தட்டியிருக்காங்க. ஆனா அது நான் இல்ல." திரும்பினாள். "ரங்கா சார், என் பேரை எப்படி அடிச்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியே மேடம். டி, ஹெச், ஏ..."

"எந்த டி?"

"டாக்டர் டி."

"ஐயோ, நான் சொன்னது டீக்கடை டி!"

"ஏன்யா, இத்தினி வருஷம் தமிழ்க்காரங்களோட இருக்கே, இது கூடவா தெரியல?" என்று நான் கத்தினேன்.

"திட்டாதீங்க அங்கிள். கன்னடக்காரங்க இங்கிலீஷ்ல என் பேரை டாக்டர் டி போட்டுத்தான் எழுதுவாங்க. அவருக்கு அதுதான் சரி."

"அப்போ விண்டோஸ்ல மாத்தும்மா, சீக்கிரம்."

"அதைத் தொடவே கூடாது. இனி ஒரு வேலை கொடுத்தாலும் டிஸ்க் தாங்காது."

லினக்ஸில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். டாக்டர் டி போட்டு வந்தாலும் டீக்கடை டி போட்டு வந்தாலும் ஒரே ஆள்தான் என்று அதற்குச் சொல்லிவிட்டாளாம். எனக்கென்றால் இந்த யோசனை ஜென்மத்துக்கும் வந்திருக்காது. ஃபோல்டர் திறந்தது. வேறு எதையும் சீண்டாமல் பாட்டுப் பக்கங்களை மட்டும் அனுப்பினாள். கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் டிக் டிக் நின்றது. திரை நீலமாகி அப்படியே உறைந்தது.

ரங்கா மேக்குக்கு ஓடி ஒவ்வொரு பாட்டாகத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தேவரே..." என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "மேடம், புது டிஸ்க் போட்டதும் உங்க பேரைச் சரியா அடிச்சிடறேன்."

"வேணாம் ரங்கா சார். உங்க பாட்டையெல்லாம் தூக்கிட்டு வந்தது அந்த டாக்டர் டி தாரணிதான். அவ இருக்கட்டும்."

ரங்கா கைகூப்பினார். அவரைத் திட்டிய நான் தலை குனிந்தேன்.