ஆந்தைப் பெட்டிகள்

கரங்கான் ஊர்ச் சிறுதோட்டக்காரர் சங்கத்தில் ஜெயமலர் செயலாளராகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பாதிப் பேர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தார்கள். எல்லாம் ஆந்தையால் வந்தது.

எண்ணெய்க்காக வளர்த்த செம்பனைக் குலைகளை எலி தின்று தீர்த்தது. எல்லாரும் விஷம் வைத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயம் படித்த ஜெயமலர் ஆராய்ச்சித் தாள்களோடு கூட்டத்துக்கு வந்தாள். கம்பம் நட்டுப் பெட்டி வைத்தால் ஆந்தை குடிவரும், எலியைப் பிடிக்கும். ஆனால் விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் செத்துப்போகும். அதனால் ஒருவர் விடாமல் விஷத்தை நிறுத்தியாக வேண்டும்.

"ஆந்தை பெருக எத்தன மாசம்?" என்று பிச்சையம்மாள் கேட்டாள். புருஷனை இழந்தவள். மூன்று ஏக்கர்தான் அவளுக்குச் சோறு.

"ஒரு வருசம் ஆகலாங்க்கா."

"அதுவரைக்கும் எலி பட்டினி கெடக்குமா?"

கூடம் சிரித்தது. ஜெயமலருக்கு முகம் சுட்டது. "ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதியிருக்காங்க. படிச்சுப் பாருங்க" என்று தாள்களை அவள் பக்கம் தள்ளினாள்.

பிச்சையம்மாள் தாளைத் தொடவில்லை. ஐம்பது ஏக்கர் வைத்திருந்த தலைவர் காளிதாசன் விஷத்தை நிறுத்தச் சம்மதித்துக் கை தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

பெட்டிகள் வைத்த நான்காம் மாதம், தன் தோட்டத்து ஓரப் பெட்டிக்குக் கீழே ஆந்தை ஒன்று செத்துக் கிடப்பதை ஜெயமலர் பார்த்தாள். அடுத்த நிலம் பிச்சையம்மாளுடையது. அங்கே மரத்தடிக்கு மரத்தடி நீல நிற விஷக்கட்டி. ஆந்தையை உரச்சாக்கில் போட்டுக்கொண்டு நேரே போனாள்.

"நீங்கதானே வச்சது?"

"நான்தான்." உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பிச்சையம்மாள் நிமிரவே இல்லை. எலி பாதி தின்ற குலை ஒன்றைக் காலால் ஜெயமலர் பக்கம் உருட்டினாள். "இதயும் சாக்குல போட்டுக்க."

"கூட்டத்துல எல்லாரும் முடிவு பண்ணினதுக்கா."

"நீங்க கை தூக்குனீங்க, நான் தூக்கல. ஒனக்கு முப்பது ஏக்கர். எலி ரெண்டு ஏக்கரத் தின்னாலும் தாங்குவே. இந்த ஒரு வருசம் நான் எதத் திம்பேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அது தெரிந்ததும் ஜெயமலருக்குக் கோபம்தான் ஏறியது. "சங்கத்த விட்டே நீக்கச் சொல்லுவேன்."

"நீக்கிக்க லா. சங்கமா எனக்குச் சோறு போடுது?"

வீட்டுக்கு வந்து தாள்களை மறுபடி விரித்தாள். சோதனை முழுவதும் பெரிய கம்பெனித் தோட்டங்களில் நடந்தது. ஆந்தை பெருகும்வரை வந்த நட்டத்தைக் கம்பெனி தாங்கியது. மூன்று ஏக்கர்க்காரி என்ன செய்வாள் என்று ஒரு வரிகூட இல்லை. முன்பு மூன்று தடவை படித்தும் அது அவள் கண்ணில் பட்டிருக்கவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் புதிய யோசனை வைத்தாள். சிறிய நிலத்துக்காரர்கள் இந்த ஒரு வருடம் மட்டும், ஆந்தையை அவ்வளவாகக் கொல்லாத பழைய வகை எலிமருந்தை வைக்கட்டும். அந்தச் செலவைப் பெரிய நிலத்துக்காரர்கள் பகிர்ந்துகொள்ளட்டும்.

காளிதாசன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அவ தோட்டத்து எலிக்கு நான் என் பையிலேருந்து டூயிட் எடுத்துக் குடுக்கணுமா?"

"ஆந்த வந்தா ஒங்களுக்குத்தானேண்ணே அதிக லாபம்?"

"எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா?"

கை தூக்கியவர்கள் ஆறு பேர்தான். அன்றே செயலாளர் பொறுப்பையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிச்சையம்மாள் அந்த ஆறு பேரில் இல்லை. அவள் கூட்டத்துக்கே வந்திருக்கவில்லை.

மறுநாள் ஜெயமலர் தன் செலவில் பழைய வகை மருந்து இரண்டு பெட்டி வாங்கிப் பிச்சையம்மாள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"இதுல எலி சாவுமா?"

"சாகும். தொடர்ந்து வைக்கணும், கொஞ்ச நாள் ஆகும்."

"சாவலன்னா நீலத்ததான் வைப்பேன். அப்ப ஆந்தையத் தூக்கிக்கிட்டு இங்க வராத."

பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டு பிச்சையம்மாள் கதவைச் சாத்தினாள். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.