பதினேழாம் இலக்கத்துக்கான காரணம்

1.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னால் மறுத்துப் பேச முடியாத ஒரு நேரத்தில் வந்தது.

என் வாய்க்குள் இரண்டு பஞ்சுருண்டைகளும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன. பல் வைத்தியர் ஹுஸ்னியா என் மேல் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே கேட்டார்: "சேர், எங்கட கிளினிக்குகளுக்கு இந்த ஃபோம் நிரப்புற தொல்லையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தருவீங்களா? நீங்க கதையெல்லாம் எழுதுற ஆள்தானே."

வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற உதவியாளர் உம்மு குல்சும் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்து, "சேர் எழுதுறாராம்," என்று அறிவித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சிறிய வைத்திய நிலையங்களுக்கான விதிகளைக் குறைப்பது பற்றி யோசனை கேட்க, கொழும்பிலிருந்து ஒரு குழு திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வருகிறது. மாவட்டத்தின் தனியார் பல் வைத்தியர்கள் எல்லோரும் ஒரு வான் வண்டியில் அடங்கிவிடுவார்கள். அந்த வானுக்கு ஹுஸ்னியாதான் செயலாளர். ஆளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள், எழுத்தில் இரண்டு பக்கம் கொடுக்கலாம்.

2.

[தொடக்கம் அ: திருகோணமலைத் துறைமுகத்தின் நீலத்தில் —]

இதை விட்டுவிட்டேன். இந்த ஊரில் எழுதுகிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தில்தான் தொடங்குகிறோம். ஹுஸ்னியாவின் கிளினிக் துறைமுகத்துக்கு மிகப் பக்கத்தில், ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே நோயாளியின் கதிரையில் சாய்ந்தால் யன்னலில் தெரிவது அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

[தொடக்கம் ஆ: மதிப்புக்குரிய குழுவினருக்கு, பணிவுடன் —]

இது மனுவின் தொடக்கம், கதையின் தொடக்கம் அல்ல. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதியதால் இப்படிக் கலந்து கிடக்கிறது.

[தொடக்கம் இ: உலகத்தில் எந்தச் சட்டமும் பல்வலியை —]

இது எங்கே போகும் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே நேராகச் சொல்கிறேன். கிளினிக்கின் உரிமம் இந்த மாதம் முப்பதாம் திகதி முடிகிறது. புதுப்பிக்க முடியாவிட்டால் மூட வேண்டும். "ஒருக்கா மூடினா நான் திரும்பத் திறக்க மாட்டேன் சேர்," என்று ஹுஸ்னியா என்னிடம் சொல்லியிருந்தார். "ஓமானில வேலைக்குக் கூப்பிட்டிரிக்காங்க. அங்க ஃபோமை வேற ஆள் நிரப்புவாராம், நான் பல்லை மட்டும் பாத்தாப் போதுமாம்."

அவர் போனால் மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து படிக்கட்டில் காத்திருப்பவர்கள் எங்கே போவார்கள்? சந்தைப் பக்கம் ஒருவர் பல் பிடுங்குகிறார். அவரிடம் உரிமமே இல்லை, அதனால் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை. எந்தப் படிவமும் அவரைத் தேடி வருவதில்லை. ஒழுங்காகப் பெயரைப் பதிந்தவர்தான் அகப்படுகிறார். (இந்தப் பகுதி மனுவிலும் இருக்கிறது. நன்றாக வந்திருப்பதால் இங்கேயும் போட்டேன்.)

இன்னொன்று, என் சொந்தக் காரியம். என் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். இரண்டு வேர்களைச் சுத்தம் செய்தாயிற்று. "மூண்டாவது வேர்ல இன்னும் உசிர் இரிக்கு சேர்," என்று சொல்லித் தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருந்தார். ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. இதை எழுதும்போதும் ஒரு பக்கமாகத்தான் சாப்பிடுகிறேன்.

3.

மனுவின் முதல் பிரதியை ஒரே மூச்சில் எழுதினேன். புதுப்பிக்கும் படிவத்தில் உள்ள இலக்கமிட்ட நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாவற்றையும் இரத்துச் செய்யுங்கள் என்று முழங்கியிருந்தேன்.

ஹுஸ்னியா அதைப் பென்சிலோடு வாசித்தார். ஒன்பதாம் இலக்கத்தில் நின்றார். கருவிகளை ஆவியில் அவித்த நாளையும் நேரத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு.

"இது இரிக்கட்டும் சேர்."

"ஏன் டொக்டர், இதுவும் தொல்லைதானே?"

"தொல்லைதான். உங்கட வாய்க்குள்ள நான் வைக்கிற சாமான், அதுக்கு முந்தி ஆர்ட வாய்க்குள்ள இரிந்திச்சு எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

ஒன்பதை மனுவிலிருந்து வெட்டினேன்.

எக்ஸ்ரே அறைச் சுவர் பற்றிய இலக்கத்தையும் அவர் விட்டுவைத்தார். "எல்லாத்தையும் எடுங்க எண்டு கேட்டா எங்களை ஆரும் நம்ப மாட்டாங்க. ஒரே சேர்டிபிகேட்டை நாலு அரசாங்கக் கந்தோருக்கு நாலு தரம் குடுக்கிறன். ஒருக்காக் குடுத்தா நாலு பேரும் பாத்துக்கொள்ளட்டும். அதைக் கேளுங்க."

மனு அப்போதுதான் மனுவாகியது. நான் எழுதியிருந்தது கோபம். கோபத்துக்கு வாசகர்கள் உண்டு, குழுக்கள் இல்லை.

பிறகு அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னுக்குத் திருப்பினார்.

"சேர், பதினாறோட நிப்பாட்டிட்டீங்க. பதினேழு எங்க?"

"விட்டுப்போச்சு போல," என்றேன்.

"அதுதானே என்னை மூடப் போகுது."

4.

பதினேழாம் இலக்கம்: நிலையம் வாடகைக் கட்டடத்தில் இயங்குமாயின், கட்டட உரிமையாளர் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் நேரில் கையொப்பமிட்ட ஆட்சேபனையின்மைக் கடிதம். கடந்த மூன்று மாதங்களுக்குள் பெற்றதாக இருத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும்.

கட்டடத்தின் உரிமையாளர் கலீலுர் றஹ்மான் கட்டாரில் இருக்கிறார். முன்பெல்லாம் வருடா வருடம் லீவில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். இப்போது வேலை மாறிவிட்டது, அடுத்த வருடம்தான் லீவு. நான் அவரைக் கண்டதில்லை, ஆகவே கதாபாத்திரமாக அவர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.* ஆனால் குரலைக் கேட்டிருக்கிறேன். ஹுஸ்னியா உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போய், போனில் வந்திருந்த அவருடைய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாராம். எனக்கும் போட்டுக் காட்டினார்: "டொக்டர், எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. எண்டைக்கும் இருந்ததில்ல. இனியும் வராது. அல்லாவுக்காக அந்தத் தண்ணிப் பைப்பை மட்டும் ஒருக்காப் பாருங்க."

அலுவலர் கவனமாகக் கேட்டுவிட்டு, நல்ல மனிதர் என்றாராம். ஆனால் குரலைக் கோப்பில் போட ஏலாதாம்.

*முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். அவரைத் தெரிந்த உம்மு குல்சும், மீசை இல்லை என்றார். எடுத்துவிட்டேன்.

5.

[இங்கே மழையைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் அதை எழுதினேன். எடுத்துவிட்டேன்.]

பதினேழாம் இலக்கம் என் மனுவில் தற்செயலாக விட்டுப்போகவில்லை.

ஓய்வுபெறுவதற்கு முன் இருபத்தாறு வருடம் நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், இப்போது அங்கே இருப்பவர்கள் பாவம். ஒரு நாள் பழைய உரிமப் படிவத்தைக் கணினியில் புதிதாக அடிக்கும் வேலை எனக்கு வந்தது. பதினாறு இலக்கங்களோடு முடிந்துவிட்டது. பக்கத்தின் கீழே நாலு விரற்கடை இடம் வெறுமையாகக் கிடந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த வழக்கும் நடக்கவில்லை, எந்த உரிமையாளரும் முறையிடவில்லை. பக்கம் அரைகுறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பதினேழு என்று அடித்தேன். ஒரு வரி போட்டேன். இன்னும் இடம் இருந்தது. கிராம உத்தியோகத்தரைச் சேர்த்தேன். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்ததால் மூன்று மாதத்தையும் ஒவ்வோர் ஆண்டையும் சேர்த்தேன். பக்கம் நான்கு மூலையும் நிறைந்து வந்தது. மேலதிகாரி வாசிக்காமலே ஒப்பமிட்டார். பிறகு வேறு அலுவலகங்களும் அதையே பார்த்துப் படியெடுத்தன.

இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கதைகளிலும் எனக்கு இதே வியாதிதான். கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் ஒரு மழையையோ ஒரு பெருமூச்சையோ போட்டு நிரப்பிவிடுவேன்.

6.

கச்சேரியில் குழுவின் தலைவர் மரியாதையான மனிதர். ஹுஸ்னியா பேசினார், நான் பக்கத்தில் தாள்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலு கந்தோருக்குப் பதிலாக ஒருதரம் கொடுப்பது நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டார். பதினேழாம் இலக்கத்தில் நிமிர்ந்தார்.

"இதை ஏன் போட்டவை?"

யாருக்கும் தெரியவில்லை. கோப்புகளைப் புரட்டினார்கள்.

"காரணம் தெரிஞ்சால் எடுத்துவிடலாம்," என்றார் தலைவர். "தெரியாமல் எடுத்தால், அது இவ்வளவு காலமும் எதைத் தடுத்துக்கொண்டு நிண்டது எண்டு தெரியாதே. போட்ட ஆளோ, விஷயம் தெரிஞ்ச ஆளோ மாத முடிவுக்குள் எழுதித் தரட்டும். அண்டைக்கே நீக்குகிறம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். என்னால் சிரிக்க முடியவில்லை. தலைவரின் கதிரையில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஹுஸ்னியா என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க கந்தோர்ல இரிந்த ஆள். இதைப் போட்டது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அன்று என் வாய்க்குள் பஞ்சும் இல்லை, குழாயும் இல்லை.

"விசாரிச்சுப் பாக்கிறன் டொக்டர்," என்றேன்.

[முடிவு அ: சிறில் எழுந்து நின்றார். "ஐயா, அது நான்தான்," என்றார். மண்டபம் —]

சிறில் என் பெயர்தான், ஆனால் இந்த முடிவில் வரும் சிறில் என்னைவிட உயரமாக இருக்கிறார்.

[முடிவு ஆ: அந்த நேரம் பார்த்துத் தலைவருக்குப் பல் வலிக்கத் தொடங்கியது —]

இதுவும் வேண்டாம். ஒரு விதி திருந்த ஒரு பல் வலிக்க வேண்டும் என்றால், இந்த நாட்டில் இருக்கும் பற்கள் போதாது.

[முடிவு இ: கலீலுர் றஹ்மான் விமானத்தில் வந்து இறங்கி —]

மீசை இல்லாத அந்த மனிதரை ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு தூரம் அலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே பல வருடம் அலைத்துவிட்டேன்.

7.

இதை எழுதும் இன்று இருபத்தேழாம் திகதி. நாளை காலை பத்து மணிக்கு என் மூன்றாவது வேருக்கு நேரம் தந்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கதையின் முடிவு உண்மையிலேயே இன்னும் நடக்கவில்லை.

குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். முழுவதும் இதுதான்:

"17ஆம் இலக்கத்தைப் போட்டவன் நான். காரணம்: பக்கத்தின் கீழே இடம் மிச்சம் இருந்தது. — ம. சிறில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்."

அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. என் இருபத்தாறு வருடச் சேவையைப் பற்றி இரண்டு வரி போடக் கை உன்னியது. போடவில்லை.

கடிதத்தை நேரே அனுப்பலாம். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஹுஸ்னியா, நான் சொன்ன பொய்யைக் கேட்டவரும் அவர்தான். ஆகவே கடிதத்தையும் இந்தத் தாள்களையும் முதலில் அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் இரண்டு நாளாகத் தடுமாறினேன். விறைக்கிற ஊசி போட்ட பிறகு கொடுத்தால் எனக்கு வசதி. பாதி முகம் மரத்திருக்கும், வாய்க்குள் பஞ்சு இருக்கும், ஒரு விளக்கமும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கதை அப்படித்தான் தொடங்கியது, அப்படியே முடித்தால் வடிவாகத்தான் இருக்கும்.

வேண்டாம். ஊசிக்கு முன்னமே கொடுப்பேன்.

அவர் முகமூடி போட்டிருப்பார், கண் மட்டும்தான் தெரியும். உம்மு குல்சும் தோளுக்கு மேலால் எட்டி வாசிப்பார். வாசித்து முடித்த பிறகு ஹுஸ்னியா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. வாசகரே, நீங்களும் இப்படி ஒரு கதிரையில் வாயைத் திறந்து சாய்ந்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்தப் பக்கத்தின் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. நான் ஒன்றும் போடவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

டொக்டர், இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். மூன்றாவது வேரில் இன்னும் உயிர் இருக்கிறது. நீங்கள் சொன்னதுதான்.