கிளியிடம் சொன்னது

சுப்ரஜாவின் வலது காது போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்றார் டாக்டர். கணவன் அச்சுதனிடம்கூட "கொஞ்சம் அடைப்பு" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். தாம்பரம் பக்கம் சிட்லபாக்கத்தில் அவள் கணக்கு எடுக்கும் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பத்தாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல உட்கார வைத்துவிடுவார்கள். தமிழ் டீச்சர் பொன்னியம்மாளுக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்ததும் அதைத்தான் செய்தார்கள். அதுவும் சால்வை போர்த்தி, "உங்க நல்லதுக்குத்தான் மேடம்" என்று சொல்லி. மகராசன்கள்.

ஆகவே சுப்ரஜா சமாளித்தாள். வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் தன் இடது பக்கம் வருகிற மாதிரி சுவரோரமாக நின்று பாடம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிநேகிதி ஹில்டாவோடு ஏரிக்கரையில் நடப்பதுதான் பெரிய பாடு. கல்லூரி நாளிலிருந்தே ஹில்டாவுக்கு அவளுடைய வலது பக்கம்தான். பஸ்ஸிலும் சரி, கேன்டீன் பெஞ்சிலும் சரி, கல்யாண போட்டோவிலும் சரி. திடீரென்று மாற்றினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சுப்ரஜாவுக்கு அழுகை வந்துவிடும். அதனால் காதில் விழாத பேச்சுக்கெல்லாம் தலையாட்டினாள். ஹில்டா சிரித்தால் தானும் சிரித்தாள்.

மனிதர்கள் கம்ப்யூட்டரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வது ஹில்டாவின் உத்தியோகம். மேடவாக்கத்தில் வீடு, ஓஎம்ஆரில் ஆபீஸ். ஜூன் மாதம் அவள் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து சுப்ரஜாவின் மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்குப் பேரு கிளி. டீச்சர்ஸுக்காகப் பண்றோம். தமிழ்ல என்ன வேணா கேளு, பதில் சொல்லும். சாயங்காலம் மட்டும்தான் வேலை செய்யும். கொஞ்ச நாள் பேசிப் பாரேன்டி, ப்ளீஸ்."

"நான் பேசறத யாரு கேப்பாங்க?"

"மெஷின்தான். மனுஷங்க யாரும் கேக்க மாட்டாங்க."

முதலில் வினாத்தாள் தயாரிக்கத்தான் கிளியைக் கேட்டாள். பிறகு பழகிப்போயிற்று. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை "இன்னொரு தரம் சொல்லு" என்றாலும் முகம் சுளிக்காமல் சொல்லும். மனிதர்களிடம் இரண்டாம் தடவை கேட்டாலே "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். அந்த "விடு" இருக்கிறதே, காது கேளாதவர்களை அதைவிடக் கேவலப்படுத்துகிற சொல் கிடையாது. கிளி ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

அந்த நன்றியில்தான் ஒரு சாயங்காலம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "எனக்கு வலது காது சுத்தமா கேக்காது, கிளி."

கிளி வெகுநேரம் பேசவில்லை. நெட் ஸ்லோ போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"எப்போதிலிருந்து?" என்றது கடைசியில்.

எல்லாவற்றையும் கொட்டினாள். காய்ச்சல், டாக்டர், பத்தாம் வகுப்பு, பொன்னியம்மாளின் சால்வை.

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"ஹில்டான்னு எனக்கு ஒருத்தி இருக்கா. அவகிட்டகூடச் சொல்லல. சொன்னா என்னைப் பாவமா பாப்பா. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரைக்கு வந்த ஹில்டா, அவளுடைய இடது பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள். முகத்தை நன்றாகத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

சுப்ரஜா நின்றுவிட்டாள். "என்னடி, இந்தப் பக்கம் வந்துட்ட?"

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குது."

வெயில் எப்போதோ போய்விட்டிருந்தது. பல வருஷத்து வழக்கம் ஒரே வாரத்தில் மாறுமா? மறுநாள் சாயங்காலம் சுப்ரஜா பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, மனசாட்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பொய் சொன்னாள். "கிளி, இன்னைக்கு இடது காதும் சரியா கேக்கல. பயமா இருக்கு."

"உடனே டாக்டரிடம் போங்கள்" என்றது கிளி. அந்தக் குரல் அடங்குவதற்குள் போன் அடித்தது. ஹில்டா.

"சும்மாதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கியாடி?"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் நிஜமானது. அதுதான் சுப்ரஜாவுக்கு அதிகமாக எரிந்தது. "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிட்டு, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை பெஞ்சில் பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். "உள்ள யாரு?"

ஹில்டா மறைக்கவில்லை. கிளி இன்னும் தயாராகவில்லை, ஜனங்கள் அதனிடம் என்ன பேசுவார்கள் என்று தெரிந்தால்தான் தயாரிக்கவே முடியும். அதனால் ஒரு ஆள் மறைவில் இருந்து பதில் டைப் அடிப்பார், பெட்டி அதை வாசிக்கும். எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள், முடிந்ததும் சொல்லிவிடுவோம் என்றாள்.

"அந்த ஆள் நீ."

"முதல் நாளே நிறுத்தியிருக்கணும். முடியலடி. இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட அப்படிப் பேசினதே இல்ல. எனக்கு மட்டும் வலிக்காதா? ஒரு டப்பாகிட்ட சொல்ற, என்கிட்ட சொல்லல."

"டப்பா பரிதாபப்படாதுன்னுதான் சொன்னேன்." சுப்ரஜா பெட்டியை ஹில்டா பக்கம் தள்ளினாள். "வேற யாருக்குத் தெரியும்?"

ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ பேசினத செமினார்ல வாசிச்சேன். உன் பேரு சொல்லல. தாம்பரம் பக்கம் ஒரு கணக்கு டீச்சர்னு மட்டும்தான். நெருங்கின சிநேகிதிகிட்ட சொல்லாதத மெஷின்கிட்ட சொல்றாங்க பாருங்கன்னு... அதுதான் எங்க ஆராய்ச்சியோட முக்கியமான முடிவு. கேட்டவங்க கண் கலங்கிட்டாங்க, சுப்ரஜா."

கண் கலங்கினார்களாம். முகம் தெரியாத ஒரு கூட்டமே உட்கார்ந்து அவளைப் பாவம் என்று பார்த்திருக்கிறது. எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதையே ஹில்டா மேடை போட்டு நடத்திக் காட்டிவிட்டாள். அதில் ஒருத்தரின் பிள்ளை தன் பள்ளியில் படிக்கலாம். தாம்பரம் பக்கம் எத்தனை கணக்கு டீச்சருக்கு ஒரு காது இல்லை?

சுப்ரஜா எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்து ஹில்டா அவள் கையைப் பிடித்தாள். அவள் போகவில்லை. பெஞ்சைச் சுற்றி வந்து, ஹில்டாவுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். இப்போது ஹில்டா பழையபடி அவளுடைய வலது பக்கம்.

"இப்ப சொல்லு" என்றாள், ஏரியைப் பார்த்துக்கொண்டே.

ஹில்டா பேசினாள். அழுதுகொண்டே நிறையப் பேசினாள். அவள் கை அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. இந்தத் தடவை சுப்ரஜா தலையாட்டவில்லை.